பரிவு நரம்பும் பட்டர்பிரானும்

இதயத்தை விரைந்து துடிக்க வைக்கும் நரம்புகளைப் பாடநூல்கள் ‘பரிவு நரம்பு’ என்கின்றன. படபடப்பைக் கிளப்பும் நரம்புக்கு அன்பின் பெயரா என்று படிப்பவர்கள் மலைப்பதுண்டு. ஆங்கிலப் பெயரிலுள்ள ‘சிம்பதி’யை அகராதி பார்த்துத் தமிழாக்கியதன் விளைவு என்பது வழக்கமான பதில். ஆனால் இந்தப் பெயர் மூலமொழியைவிடத் தமிழில்தான் நன்றாகப் பொருந்துகிறது என்பேன்.

ஓர் உறுப்பு நோகும்போது இன்னோர் உறுப்பும் சேர்ந்து நோவது நரம்பு வழியாகத்தான் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலந்தொட்டு மருத்துவர்கள் எண்ணினர். அந்தச் ‘சேர்ந்து வருந்துதல்’ கருத்தை ஒட்டியே 1732இல் பாரிஸில் உடற்கூறியலாளர் வின்ஸ்லோ, முதுகெலும்பின் இருமருங்கும் முடிச்சு முடிச்சாக இறங்கும் நரம்புத் தொடருக்குப் பெயரிட்டார். கருத்து கைவிடப்பட்டது, பெயர் தங்கிவிட்டது.

தமிழில் பரிவு வெறும் இரக்கமன்று. ‘பரிதல்’ என்ற சொல்லுக்கு அன்புகொள்ளுதல், வருந்துதல், ஓடுதல் எல்லாமே பொருள். ஒழுக்கத்தைப் பரிந்து காக்கச் சொல்லும் குறளுக்குப் பரிமேலழகர் ‘வருந்தியும்’ என்றே உரை காண்கிறார். இன்னும் தெளிவான சாட்சி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மதுரையில் பொற்கிழி வென்று யானைமேல் வந்த பட்டர்பிரான் என்னும் விஷ்ணுசித்தர், வானில் கருடன்மேல் தோன்றிய பெருமாளைக் கண்டதும் தனக்கென எதுவும் கேட்கவில்லை. இந்த அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறி, திருப்பல்லாண்டு பாடினார். பெரியாழ்வார் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது இந்தப் பரிவால்தான் என்கிறார் வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள். அன்பும் அச்சமும் பதற்றமும் ஒன்றாகப் பொங்கும் நிலை அது.

அந்த நிலையில் உடம்புக்குள் நடப்பது இதுதான். மேல்முதுகுத் தண்டிலிருந்து புறப்படும் பரிவு நரம்புகள் கழுத்தடி முடிச்சுகள் வழியே வந்து இதயத்தில் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. துடிப்பு கூடுகிறது, வலு கூடுகிறது. ஆபத்தில் அது காப்பாற்றும். ஓயாமல் நீடித்தால்தான் கேடு. ராஜபாளையம் நூற்பாலையின் இரவு ஷிப்டில் இருக்கும் இரைச்சலும் தூக்கக்குறைவும்கூட இந்த நரம்புகளைத் தூண்டக்கூடியவை. இதயம் பலவீனமானால் அவை இன்னும் முடுக்குகின்றன, களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுபோல. தசையணுக்கள் மடிகின்றன, துடிப்பு தாறுமாறாகிறது.

1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ‘பீட்டா பிளாக்கர்’ மருந்துகள் இந்த முடுக்கலைத் தடுப்பவை. பலவீன இதயத்துக்கு அவை ஆகாது என்றே நெடுங்காலம் நம்பினர். 1975இல் சுவீடனில் வாக்ஸ்டைன் குழுவினர் துணிந்து கொடுத்துப் பார்த்தனர். 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், இந்த மருந்து பெற்ற பலவீன இதய நோயாளிகளிடையே இறப்பு 34 சதவீதம் குறைந்தது.

‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்று போய் இந்த மாத்திரை வாங்கிவந்தவர்கள், சரியாகிவிட்டதென்று திடீரென நிறுத்தக் கூடாது. அடக்கிவைத்த பரிவு இருமடங்காகத் திரும்பி நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். டாக்டரிடம் கேட்டு, அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.