கடற்கரைச் சமையலுக்கு டைட்டேனியம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த மச்சான் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சட்டியை எடுத்துக் காட்டினான். டைட்டேனியம். 750 மில்லிலீற்றர் கொள்ளும். மூடியோடு நிறுத்தாலும் ஏறத்தாழ 100 கிராம்தான். அன்றிரவு நிலாவெளிக் கடற்கரையில் கூடாரம் அடித்து, காஸ் அடுப்பில் அந்தச் சட்டியை வைத்து ஒரு சுண்டு அரிசி போட்டோம். அடியில் கரி, நடுவில் சோறு, மேலே ஊறின அரிசி. மாமா கரண்டியால் ஒருதரம் கிண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சட்டியில்லை, தேத்தண்ணிக் கேத்தல்" என்றார்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. டைட்டேனியம் அலுமினியத்தைவிடப் பாரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை மறுபக்கம். ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டேனியம் 4.5 கிராம், உருக்கு ஏறத்தாழ 7.9 கிராம். ஆனால் டைட்டேனியம் உறுதியானது என்பதால் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் பாத்திரம் செய்யலாம். அந்த மெல்லிய தகட்டினால்தான் பாரம் குறைகிறது. சோறு கருகுவதற்கும் அதே தகடுதான் காரணம். அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட டைட்டேனியம் கடத்தாது. சுவாலை படும் இடம் கொதிக்கும், இரண்டு விரல் தள்ளி ஆறிக் கிடக்கும். தண்ணீர் தானாகச் சுழன்று சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். அரிசியோ பருப்போ அப்படிச் சுழலாது.

ஆக, பிளேன்ரீ, நூடில்ஸ், சூப், முட்டை அவித்தல், இவற்றுக்கு எடுங்கள். சோறு கறி சமைக்கிற ஆளென்றால் கடினப் பூச்சிட்ட அலுமினியச் சட்டி போதும். விலையும் குறைவு. பாரத்தில் பெரிய வித்தியாசமும் இல்லை. நக்கிள்ஸ் மலையில் இரண்டு நாள் நடப்பவருக்கு ஐம்பது கிராம் பெரிய விஷயம். ஓட்டோவில் வந்து கடற்கரையில் இறங்குபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியிருந்தும் கடலோரத்துக்கு இந்த உலோகம் பொருந்துகிறது. காரணம் பாரமல்ல, உப்பு. உப்புக் காற்றிலும் கடல் நீரிலும் அலுமினியத்தில் நாளடைவில் குழிகள் விழும். மலிவான உருக்கு துருப்பிடிக்கும். டைட்டேனியத்தின் மேற்பரப்பில் தானாக உருவாகும் ஒட்சைட்டுப் படலத்தை உப்பு தொடுவதில்லை. பழப்புளி போட்டாலும் சுவை மாறாது. நெருப்பில் வைத்தால் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறும். அது பழுதல்ல, அந்தப் படலம் தடிப்பதன் அடையாளம். பூச்சு எதுவும் இல்லாததால் கரியை மணல் போட்டே தேய்க்கலாம். நாங்களும் அப்படித்தான் தேய்த்தோம்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் புல்மோட்டை நினைவுக்கு வந்தது. நிலாவெளியிலிருந்து குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போனால் கடற்கரை கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். கூடவே ரூட்டைலும் சிர்கோனும் உண்டு. வடகிழக்குப் பருவத்து அலைகள் ஆண்டுதோறும் கனத்த மணலைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. 1957இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. யுத்தமும் இந்த மணலை விட்டுவைக்கவில்லை: 1997 செப்ரெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மூழ்கியது. கப்பல் பணியாளர்களும் உயிரிழந்தார்கள்.

மச்சானின் சட்டி புல்மோட்டை மணலில் பிறந்ததா என்று கேட்டால், வாய்ப்புக் குறைவு. உலகில் தோண்டப்படும் டைட்டேனியக் கனியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளை நிறமியாகப் பெயின்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் கடதாசிக்கும் போகிறது. உலோகமாவது கொஞ்சம்தான். அதைப் பிரிப்பதும் இலகுவல்ல. கனியத்தைக் குளோரினோடு வினைபுரிய வைத்து, வரும் திரவத்தை ஆர்கன் வாயுவுக்குள் உருகிய மக்னீசியத்தோடு பல நாள் வைத்திருக்க வேண்டும். காற்றுப் பட்டால் பழுதாகிவிடும். 1940களில் வில்லியம் குரோல் பரவலாக்கிய இந்த முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. பாத்திரத்தின் விலைக்குப் பெரிய காரணமும் அதுதான். கேரளத்தின் சவறாவில் 2011இல் ஆண்டுக்கு 500 தொன் கொள்ளளவில் ஒரு ஆலை திறந்தார்கள், முக்கியமாக விண்வெளித் துறைக்காக. நம்மிடம் மணலைக் காந்தத்தாலும் மின்னாலும் பிரிக்கும் வேலை வரைதான். அதற்கு மேலே எல்லாம் வேறு நாட்டில். புல்மோட்டையில் தொன் கணக்கில் விற்பதை, கடையில் கிராம் கணக்கில் வாங்குகிறோம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு கப்பும் ஒரு கரண்டியும் போதும். 450 மில்லிலீற்றர் ஒற்றைச் சுவர்க் கப் 70 கிராம் அளவு வரும். அதிலேயே தண்ணீர் கொதிக்க வைத்து அதிலேயே குடிக்கலாம். இரட்டைச் சுவர்க் கப்பை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். நடுவில் அடைபட்ட காற்று விரிந்தால் கப் பிளக்கும். நீளக் கைப்பிடிக் கரண்டி எனக்குப் பிடித்த சாமான், 20 கிராம்கூட வராது. டைட்டேனியக் கூடார ஆணிகளுக்கு நிலாவெளியில் காசைச் செலவழிக்க வேண்டாம். மணலில் அவை நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள், கச்சான் காற்றுக்கும் அசையாது.

மடிக்கக்கூடிய டைட்டேனிய விறகடுப்பு கடற்கரைக்கு நல்ல சாமான். காஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். சிரட்டை நம்மூரில் கிடைக்கும். காஸ் அடுப்பைப் பாவிப்பவர்கள் காற்றுக்கு மறைப்பு வைத்தால் சிலிண்டரையும் சேர்த்து முழுதாக மூடிவிடாதீர்கள். சிலிண்டர் சூடேறினால் ஆபத்து.

புறாத்தீவுக்குப் போகிறவர்கள் அடுப்பைக் கரையிலேயே விட்டுச் செல்லவேண்டும், அது தேசியப் பூங்கா. கரையில் சமைத்தால் சிரட்டைத் தணலை மணலால் மூடாமல் கடல் நீர் ஊற்றி அணையுங்கள். மூடின தணல் மணிக்கணக்கில் சூடாக இருக்கும். விடியற்காலையில் கரைவலை இழுக்க வருகிறவர்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள்.