பன்னிரண்டாம் ஆட்டக்காரரும் உடற்சூடும்

1956ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. மான்செஸ்டர் சிட்டியின் கோல் காவலர் பெர்ட் டிராட்மன், எதிராட்டக்காரரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றியபோது கழுத்தில் பலத்த அடிபட்டார். ஆட்டம் முடிய ஏறத்தாழப் பதினேழு நிமிடங்கள் இருந்தன. மாற்றாள் இறங்கப் போட்டி விதி இடந்தரவில்லை. தள்ளாடியவாறே நின்று கோலைக் காத்தார். அவர் அணி 3-1 என வென்றது. சில நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தமை தெரிந்தது. இதனை வீரம் எனப் போற்றினோர் பலர். விதியின் கொடுமை என்பதே பொருந்தும்.

அவ்விதி 1965இல் இங்கிலாந்து லீக் பந்தயங்களில் தளர்ந்தது. அணிக்கு ஒருவர், அதுவும் காயம் பட்டால் மட்டும் என்பது ஏற்பாடு. அவ்வாண்டு ஆகஸ்டு 21இல் போல்ட்டன் நகரில் சார்ல்ட்டன் அணியின் கோல் காவலர் காயமுற்று வெளியேறவே, கீத் பீக்காக் உள்ளே வந்தார். லீக்கின் முதல் மாற்றாட்டக்காரர் இவரே. காவலருக்குப் பதிலாக வந்த இவரோ காவலர் அல்லர்! களத்திலிருந்த வேறொருவர் கோலுக்குச் செல்ல, இவர் களத்தில் ஆடினார். பின்னர்க் காரணம் எதுவாயினும் மாற்றலாம் என்றாயிற்று. உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் மாற்றாட்டக்காரர் முதன்முதல் இறங்கியது 1970 மே 31இல், மெக்சிகோவில். அவர் சோவியத் வீரர் அனத்தோலி புசாச்.

விதி இருக்கை தந்தது. இருக்கையே புதிய இடரும் ஆயிற்று. பீக்காக் இறங்கியபோது ஆட்டம் தொடங்கிப் 11 நிமிடங்களே கடந்திருந்தன. எழுபதாம் நிமிடத்தில் அழைக்கப்படுபவர் நிலை வேறு. ஆட்டத்துக்கு முன் ஓடி ஏற்றிய சூடு, விசுப்பலகையில் அமர்ந்த சற்று நேரத்திலேயே தணியத் தொடங்கும். சூடான தசையே விரைந்து சுருங்கி விரியும் என்பதை டென்மார்க்கின் அஸ்முசென், போயே ஆகிய இருவரும் 1945இலேயே ஆய்ந்து எழுதினர். அந்நாட்டு ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரரின் தொடைத்தசை வெப்பத்தை அளந்து பார்த்தனர். இடைவேளையில் வாளா அமர்ந்திருந்தோர்க்கு அது ஏறத்தாழ 2 பாகை குறைந்தது. ஓட்ட வேகமும் தளர்ந்தது. மீண்டும் களமிறங்குமுன் சில நிமிடம் மெல்ல ஓடியவர்க்கு அத்தளர்ச்சி இல்லை. இடைவேளை ஓய்வுக்கே இவ்வாறெனின், ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இதனாலேயே எல்லைக்கோட்டுக்கு அப்பால் முறைவைத்து ஓடுவதும், கால் தசைகளை நீட்டி மடக்குவதும், குளிர்நாடுகளில் தடித்த மேலங்கி போர்த்துவதும் வழக்கமாயின. உடலோடு கண்ணும் விழித்திருத்தல் வேண்டும். 1999 மே 26இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பியக் கழக இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் சோல்ஷர் 81ஆம் நிமிடத்தில் இறங்கி, கூடுதல் நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார். வெளியே அமர்ந்திருக்கையில் எதிரணிக் காப்பாளரின் போக்கைக் கூர்ந்து நோக்குவது அவர் வழக்கம்.

2020இல் தற்காலிகமாக வந்த ஐவர் மாற்றம் 2022இல் நிலையான விதியில் இடம்பெற்றது. அந்த ஐவரையும் ஆட்டத்தினிடையே மூன்று தடவைக்குள் இறக்கிவிட வேண்டும். இடைவேளையில் மாற்றுவது அக்கணக்கில் சேராது. எனவே இடைவேளையில் ஆடியவர்கள் அறைக்குள் சென்றபின், வெறுமையான புல்தரையில் ஓடிக்கொண்டிருப்போர் மாற்றாட்டக்காரர்களே.