ராஜினாமாக் கடிதம் இல்லாத தொழில்

கால்பந்து அணியைப் பயிற்றுவிக்கும் ஒருவர், வீட்டில் நேர்ந்த சங்கடங்களை முன்னிட்டுப் பதவியை விட்டுவிடுவதா, அல்லது ஒப்புக்கொண்ட பொறுப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவதா என்று பல நாள் தத்தளித்து, கடைசியில் 'குடும்பக் காரணங்களால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார் என்ற செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அத்தகைய கடிதம் ஒன்று எழுதப்பட வேண்டுமானால், வீடு ஓரிடத்திலும் உத்தியோகம் வேறிடத்திலும் இருக்க வேண்டும் என்பதையும், ஒன்றுக்குப் போவதற்காக மற்றொன்றிலிருந்து எழுந்து வர வழி இருக்க வேண்டும் என்பதையும் நாம் யோசிப்பதில்லை.

நம் தேசத்தில் இந்தத் தர்மசங்கடத்தை முழுமையாக அனுபவித்தவர் என்று ஹைதராபாத்து சையது அப்துல் ரஹீமைச் சொல்லலாம். பள்ளி ஆசிரியராக ஜீவனத்தைத் தொடங்கி, 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியையும் இந்திய அணியையும் ஒருசேரப் பயிற்றுவித்த அவர், 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்ற குழுவில் தம்முடைய சொந்த மகனையும் மாணவனாக வைத்துக்கொண்டிருந்தார். தகப்பனும் ஆசிரியனும் ஒரே முகாமில் ஒரே மனிதனாக இருப்பதிலுள்ள சங்கடம், அனுபவித்தவர்களுக்கே விளங்கும். இரண்டாண்டுகள் கழித்து, புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையிலும் ஜகார்த்தாவுக்குச் சென்றார். 1962 செப்டம்பர் 4-ல், இந்தியர்மீது கோபம் கொண்டிருந்த ஏறக்குறைய ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே, நம் தமிழர் பீட்டர் தங்கராஜ் இலக்கைக் காத்து நிற்க, தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டின் தங்கத்தைப் பெற்ற அணி, அவர் வார்த்த அணியே. அடுத்த ஆண்டு ஜூன் 11-ல் அவர் காலமானார். வீட்டோடு இருந்து வைத்தியம் பார்த்துக்கொள்ள அவருக்குச் சகல நியாயமும் இருந்தது. விலகியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் விலகவில்லை. விலகக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு விலகாமல் இருந்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

விலகவே முடியாத இடத்தில் இருந்தவர்களைப் பற்றியே இங்கே எழுத உத்தேசம். அவர்கள் ஆரணியின் பட்டு நெசவாளர்கள்.

படைவீட்டு ரேணுகாம்பாளின் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணியைச் சரித்திர ஆசிரியர்கள் இரண்டு யுத்தங்களுக்காகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1751 டிசம்பர் 3-ல், ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகனை இங்கே முறியடித்தான். 1782 ஜூன் 2-ல் சர் ஐர் கூட்டும் ஹைதர் அலியும் இங்கே மோதிக்கொண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை ஷாஜியின் தயவால் மராட்டிய அந்தணக் குடும்பமொன்றுக்குக் கிடைத்த ஜாகீர் என்பதும், பூசிமலைக்குப்பத்து மாளிகை அந்த ஜாகீரின் மிச்சம் என்பதும் அதற்கடுத்த செய்திகள். கோட்டைக்கு வெளியே, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றுவட்டாரமெங்கும் குழி வெட்டித் தறி நாட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி அந்த நூல்கள் ஒரு வரிக்குமேல் சொல்வதில்லை. யுத்தம் செய்தவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்பதையும், ஊருக்கு இன்றுவரை பெயர் வாங்கித் தருவது பட்டுதான் என்பதையும் பார்க்கும்போது இந்த அலட்சியம் விசித்திரமானது.

இங்கே தறிக்குரியவர்கள் பிரதானமாக இரண்டு சமூகத்தார். கைக்கோளர் என்று சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் படைவீரர்களாகவும் காணப்படுகிற செங்குந்தர்கள் ஒரு சாரார்; இவர்கள் விஜயநகர காலத்தில் காஞ்சிபுரத்தில் தண்டும் சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள். மதுரையிலும் கும்பகோணத்திலும் சேலத்திலும் உள்ளதைப்போல இங்கும் வீட்டுக்குள் தங்கள் சொந்த மொழியைப் பேசிக்கொண்டு வாழ்கிற, பட்டுநூல்காரர் என்று அழைக்கப்படும் சௌராஷ்டிரர் மற்றொரு சாரார். இந்தச் சௌராஷ்டிரரின் பூர்வோத்தரத்தை ஆராய்கிறவர்கள் வழக்கமாகச் சுட்டிக்காட்டுவது, மத்திய இந்தியாவில் மந்தசோரில் கிடைத்த கி.பி. 473-ஆம் ஆண்டுக் கல்வெட்டை. லாட தேசத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு வந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று, அங்கே தாங்கள் முன்பு கட்டிய சூரியன் கோயிலைப் புதுப்பித்து, வத்ஸபட்டி என்ற கவியைக் கொண்டு தங்கள் வரலாற்றைப் பாடுவித்த சாசனம் அது. எவ்வளவு அழகும் யௌவனமும் உள்ள பெண்ணும் பட்டு உடுத்தாமல் நாயகனிடம் போவதில்லை என்ற பொருளில் அதில் ஒரு சுலோகம் உண்டு. நமது ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு மூலபுருஷன் அந்தக் கவிதான் என்பது என் அபிப்பிராயம். மந்தசோர்க்காரர்களின் நேர் சந்ததிதானா ஆரணிக்காரர்கள் என்ற விவாதத்தில் நான் இறங்கவில்லை. வேறொரு விஷயம்தான் எனக்கு முக்கியம்: அந்தக் குழுவில் சிலர் வில்வித்தை பழகினார்கள், சிலர் ஜோதிடம் கற்றார்கள், சிலர் கதை சொல்வதிலும் சிலர் சமயத் தொண்டிலும் ஈடுபட்டார்கள், மற்றவர்கள் தங்கள் நெசவிலேயே சிறந்து விளங்கினார்கள் என்று அந்தச் சாசனம் பெருமையாகவே சொல்கிறது. தறியை விட்டுப் போனவர்களைத் துரோகிகள் என்றோ, கலை அழிகிறது என்றோ அதில் ஒரு புலம்பலும் இல்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, போகிறவன் போகலாம், இருக்கிறவன் இருக்கலாம் என்ற நிலை இருந்திருக்கிறது.

தென்னாட்டிலும் நெடுங்காலம் அப்படித்தான். வரி தாங்கவில்லையென்றால் தறியைப் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவதே நெசவாளரின் ஆயுதமாக இருந்தது. அவர்கள் போய்விட்டால் வருமானமும் போய்விடும் என்பதால் அரசர்களும் நாயக்கர்களும் வரியைத் தள்ளுபடி செய்து திரும்பவும் வரவழைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியே 1734-ல் சென்னையில் நெசவாளரைக் குடியேற்ற விரும்பியபோது, தோப்பாக இருந்த நிலத்தில் வீடும் கடனும் கொடுத்துத்தான் சின்னத்தறிப்பேட்டையை உண்டாக்க வேண்டியிருந்தது. வியாபாரி முன்பணம் கொடுப்பான், நெசவாளன் வாங்கிக்கொள்வான், வேறொருவன் அதிக விலை தருவதாகச் சொன்னால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பி எறிந்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் இந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பிரசன்னன் பார்த்தசாரதி போன்ற ஆராய்ச்சியாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அன்று முன்பணம் வியாபாரியின் பயத்துக்கு அடையாளமாக இருந்ததே தவிர நெசவாளன் காலுக்கு விலங்காக இருக்கவில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி தன்னுடைய ராஜ்யாதிகாரத்தைக் கொண்டு, கம்பெனிக்கு நெய்கிறவன் மற்றவனுக்கு நெய்யக்கூடாது என்று கட்டாயப்படுத்தத் தொடங்கிய பிறகே விஷயம் தலைகீழாயிற்று. 1801-ல் ஆற்காட்டு ராஜ்யமே கம்பெனியின் கைக்குப் போனபின், ஊரைவிட்டுப் போவதாகப் பயமுறுத்துவதற்குப் போய்ச் சேர வேறு அரசன் இல்லை. பின்னாளில் கம்பெனி போய்விட்டது. முன்பணம் என்ற சம்பிரதாயம் மட்டும் புது அர்த்தத்தோடு வீட்டு வாசலில் தங்கிவிட்டது.

அந்தப் புது அர்த்தத்தை விளங்கிக்கொள்ள ஆரணித் தறிவீடு ஒன்றின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். முன்கட்டில் பாதி இடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். குழிக்குள் காலை விட்டு மிதியில் பாதம் பதித்து உட்கார்ந்திருப்பவன் குடும்பத் தலைவன். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்வதானால் மூன்று நாடாக்கள் வேண்டும். வலப்பக்கத்துக் கரைக்குரிய நாடாவை எறிந்து வாங்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இன்னொரு ஆள் மனைவியாக இருப்பாள்; முன்பெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையாகவும் இருந்ததுண்டு. திண்ணையில் பாட்டி இராட்டையில் தார் சுற்றுவாள். ஒரு பாவில் மூன்று நான்கு சேலை வரும். பாவு முடிந்ததும் அறுந்த முனைகளோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலையும் வீட்டாருடையதே. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், பாவடியில் பாவு நீட்ட முடியாது, நூல் நமுத்துப்போகும். ஆனால் கூலியோ சேலைக் கணக்கு, நாள் கணக்கல்ல. பட்டு கொள்ளேகாலத்திலும் ராமநகரத்திலும் இருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, இரண்டையும் கொண்டுவந்து கொடுப்பவர் முதலாளி. வீடும் உழைப்பும் மாத்திரமே நெசவாளனுடையவை. தகப்பனே பயிற்றுவிப்பவன், குடும்பமே அவனுடைய அணி. மைதானத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நிலைப்படிதான் உண்டு.

இந்த வீட்டில் ஒரு கஷ்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வரன் குதிர்ந்துவிட்டது, அல்லது தாயாருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை என்கிறார்கள். வேறு உத்தியோகத்திலிருப்பவன் லீவு கேட்பான், முடியாவிட்டால் ராஜினாமாவைப் பற்றி யோசிப்பான். ஆரணி நெசவாளனோ முதலாளி வீட்டுக்குப் போய், "பொண்ணுக்குத் தை மாசம் முகூர்த்தம் வெச்சிருக்குதுங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். முதலாளியும் கொடாமல் அனுப்ப மாட்டார். அவரைக் கொடுமைக்காரராகச் சித்தரிப்பது சுலபமே ஒழிய உண்மையாகாது, ஏனெனில் அந்த நேரத்தில் பாங்கியும் கொடுக்காத பணத்தை ஜாமீன் இல்லாமல் எடுத்துக் கொடுப்பவர் அவர் ஒருவரே. தொகை நோட்டில் ஏறும். அதற்குப் பெரும்பாலும் வட்டி இராது. வட்டிக்குப் பதிலாக, அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்வதில்லை என்ற நிபந்தனை இருக்கும். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து பாதி தீருவதற்குள் அடுத்த பிரசவமோ அடுத்த காரியமோ வந்துவிடும். முதலாளியை மாற்ற வேண்டுமானால், புது முதலாளி பழையவருடைய பாக்கியைக் கட்டி நெசவாளனைத் தம் நோட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குடும்பக் கஷ்டம் மற்றவர்களை வேலையிலிருந்து பிடுங்கி எடுக்கிறது. இவனை அது வேலையோடு சேர்த்துக் கட்டுகிறது. ஆரணியின் தொழில் சரித்திரத்தில் நான் கண்ட சாரம் இதுதான். குலப்பெருமை, பரம்பரைப் பற்று என்று நாம் மேடையில் பாராட்டுவதில் ஒரு பங்கு, தீராத பாக்கிக்குச் சேர வேண்டியது.

இதை மாற்றப் பிரயத்தனங்கள் நடக்காமலில்லை. 1935-ல் சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளருக்கு மத்தியக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று நாம் அறிவது அதுவே. சங்கத்தில் சேர்ந்தவனுக்கு நூலும் கூலியும் வரையறையாகக் கிடைத்தன. ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட மனைவிக்காகக் கதவைத் தட்டினால் சங்கத்தின் கதவு திறப்பதில்லை, முதலாளியின் கதவு திறக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் விற்பனை படுத்துப்போய் நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி திறக்கப்பட்டதும், 1953-ல் அண்ணாதுரையும் அவருடைய கட்சியினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றதும் பருத்தித் தறியின் கதையே பெரும்பாலும். பட்டுத்தறிக்கும் அந்தச் சூடு தாக்கியது.

அதே 1953-ல் ராஜாஜி, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் நடந்த வாதப்பிரதிவாதங்கள் பிரசித்தம். அவருடைய நோக்கம் எதுவாயினும், ஆரணித் தெருக்களில் சட்டமில்லாமலே நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அந்தத் திட்டம் சட்டத்தின் முத்திரையைக் குத்தியிருக்கும் என்பது என் எண்ணம். கோர்வை நாடா எறியும் பிள்ளைக்குப் பாதி நேரப் பள்ளிகூட அநேகமாகக் கிடைத்ததில்லை. 1954-ல் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். பின்வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். முதன்மந்திரிகளுக்கும் ராஜினாமாக் கடிதம் உண்டு.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்தன. பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் விசைத்தறியிலிருந்து ஓரளவு காப்பாற்றியது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் துணையோடு நடந்த குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் காஞ்சிபுரத்தோடு, ஆரணி அடங்கிய திருவண்ணாமலையும் இருந்தது. பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குப் போனார்கள்; போனவர்கள் திரும்பித் தறிக்குழிக்குள் இறங்கவில்லை. செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் விளையாட்டுக் காலணி தைக்கும் ஆலை வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார் ஆலைகள் வந்தன. விடியற்காலையில் கம்பெனிப் பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே சம்பளம் மாதக் கணக்கு, மழை பெய்தாலும் உண்டு, வருங்கால வைப்பு நிதியும் உண்டு, பிடிக்காவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைப் பாராட்டுகிற கூட்டங்களில், இளைஞர்கள் தறியை விட்டு ஓடுகிறார்கள், கலை நசிக்கிறது என்று வருந்திப் பேசுகிறார்கள். பெயருக்குப் பாதுகாப்பு அளித்தவர்கள் நெய்கிறவனுக்கு அந்த அளவுக்குச் செய்தார்களா என்று அந்தக் கூட்டங்களில் எவரும் கேட்பதில்லை. தகப்பன் எழுத முடியாத கடிதத்தை மகன் எழுதியிருக்கிறான். அதை நான் நசிவென்று சொல்ல மாட்டேன். தறியில் ஆள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், தறிகாரன் வீட்டு வைத்தியச் செலவும் கல்யாணச் செலவும் முதலாளியின் நோட்டில் ஏறாமல் நடப்பதற்கு வேண்டிய கூலியைக் கொடுக்க முன்வரட்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு ஆரணிப் பட்டு வாங்கப் போகும் வாசகர்கள், ஜரிகை அசலா என்று உரசிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இந்தச் சேலைக்கு நெய்தவனுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்றும் கடைக்காரரைக் கேளுங்கள்.