நிலவுக்கென்று ஒரு தோட்டம்

தாஜ்மகாலைப் பாடிய நம் கவிஞர்கள் யமுனையைக் கடந்து போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிர்க்கரையில் இருப்பது மெஹ்தாப் பாக், ஷாஜகானின் நிலாத் தோட்டம். வெயில் தணிந்தபின் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே அமைத்தது: எண்கோணத் தடாகம், அதில் 25 நீரூற்றுகள், தண்ணீரில் தலைகீழாக விழும் சமாதி. மனைவிக்குக் கல்லறை எழுப்பியவரே அதை ரசிக்க இருக்கையும் போட்டுக்கொண்டார். துக்கமும் சுகமும் இங்கே ஒரே வரைபடத்தில் இருக்கின்றன. காதல் சின்னம் என்ற தேய்ந்த படிமம் இதைத் தாங்காது.

1652இல் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதம் குவிமாடம் ஒழுகுவதையும் தோட்டம் வெள்ளத்தில் மூழ்கியதையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கிளை ஆய்வறிக்கை மாதிரியான நடை. (எனக்குப் பழக்கமான நடைதான்.) 1658இல் அதே மகன் அவரை ஆக்ரா கோட்டையில் சிறைவைத்தார்.

பிறகு வண்டல் மூடியது. ஷாஜகான் மறுகரையில் தனக்கும் சமாதி தொடங்கியதாக தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் எழுதிவைக்க, பின்வந்தவர்கள் அதைக் கறுப்புத் தாஜ் ஆக்கினார்கள். 1990களில் தோண்டியபோது அகப்பட்டது அஸ்திவாரமல்ல, தடாகம். கறுப்புக் கற்கள் எனப்பட்டவை நிறம் மாறிய வெள்ளைக் கற்கள். கறுப்புத் தாஜ் ஒன்று இருந்ததென்றால், அது இரவில் அந்தத் தண்ணீரில்தான் இருந்திருக்கும்.