இரும்புக்கை மாயாவி

சித்திரக்கதை சிறுவரைக் கெடுக்கும் எனப் பெரியோர் பலர் அஞ்சினர்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பள்ளி மாணவனான ஸ்பைடர்மேன் தோன்றினான். அவ்வாண்டே பிரித்தானியாவின் 'வேலியன்ட்' இதழில், மின்சாரம் தீண்டினால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் புலப்படும் மனிதனொருவன் பிறந்தான். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகள் அவனுக்கு உயிரூட்டின. முதலில் குற்றம் புரிந்தவன், பின்னர் திருந்தி நல்லோர்க்குத் துணையானான்.

1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அவனை 'இரும்புக்கை மாயாவி' எனத் தமிழ் பேச வைத்தது. இலங்கையிலோ அக்காலத்தில் இந்திய ஏடுகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது; 1977க்குப் பின்னரே அது தளர்ந்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிங்களமும் ஆங்கிலமும் சூழ வளரும் பிள்ளை, தமிழைத் தானே விரும்பி வாசிக்க ஒரு காரணம் வேண்டும். பெரியோர் அஞ்சிய ஏடுகளே அக்காரணத்தைத் தந்தன.