எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், முடிவிலி

கனடாவின் மான்ட்ரியால் நகரில் உருவான 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' என்ற சுயாதீன இசைக்குழுவின் முதல் ஸ்டூடியோ ஆல்பம். 1997-இல் அதே நகரின் கான்ஸ்டெலேஷன் நிறுவனம் முதற்பதிப்பாக 500 இசைத்தட்டுகளை வெளியிட்டது.

குழு பிறந்தது 1994-இல். எஃப்ரிம் மெனக், மைக் மோயா, மாரோ பெசென்டே ஆகிய மூவர் தொடங்கிவைத்தார்கள். ஜப்பானிய மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றி மிட்சுவோ யானகிமாச்சி 1976-இல் எடுத்த ஆவணப்படமே பெயருக்கு மூலம். இக்குழுவின் இசையைக் குறிக்கும் 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் பரவலாக்கியதும் அதே 1994-இல்தான். ராக் இசையின் கருவிகள் அப்படியே இருக்க, பல்லவி, சரணம் என்ற கட்டு மட்டும் அவிழ்ந்துபோன இசை அது.

இந்த ஆல்பத்தில் பாடகர் கிடையாது. கார் தீப்பற்றி எரிவதாகத் தொடங்கும் ஓர் ஆண்குரல், உருக்குலைந்த நகரமொன்றை நிதானமாக விவரிக்கிறது. மெனக் எழுதி முடிக்காத திரைக்கதையிலிருந்து வந்த வரிகள் அவை. பிறகு வயலினும் செலோவும் கிட்டார்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மெல்ல உயர்ந்து, பெரும் இரைச்சலாக வெடிக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் ஒரே சுரக்கோவையில் கேட்பவருக்கு நேரக்கணக்கே தப்பிவிடும். சைக்கடெலிக் இசையின் மயக்கம் இங்கே பொறுமையால் வருகிறது. மேடையிலும் 16 மி.மீ. படச்சுருள்களைத் திரையில் சுழலவிட்டு இதே மயக்கத்தைக் கூட்டினார்கள்.

இசைத்தட்டின் உருவாக்கமும் படைப்பின் பகுதிதான். அட்டையில் புகைப்படத்தைக் கையால் ஒட்டினார்கள். தண்டவாளத்தில் வைத்து ரயில் நசுக்கிய ஒரு செப்புக்காசை உறைக்குள் போட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் ஊசி ஓடும் பள்ளம் மூடிய வட்டம்: யாராவது ஊசியை எடுக்கும்வரை இசை ஓயாது. தலைப்பின் முடிவிலி அதுவே.

1998-இல் சிகாகோவின் கிராங்கி நிறுவனம் குறுந்தகட்டைக் கொண்டுவந்தது. மூன்றே தடங்கள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். புதிய பகுதிகளைச் சேர்த்து, பழையவற்றை மாற்றியமைத்ததால் இதைத் தனிப் படைப்பாகவே கொள்ள வேண்டும்.

இந்த ஆல்பத்தில் வான்கூவர் நகரத் தெருவொன்றின் பெயர் தாங்கிய 'ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ்' தடத்தின் ஒரு பகுதியை, டேனி பாயில் தம் '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் பயன்படுத்தினார். ஆளரவமற்ற லண்டனில் நாயகன் தனியே நடக்கும் காட்சி அது. குழுவைப் பலர் அறிந்தது அதன் மூலமே. படத்தில் ஒலிப்பது உச்சத்தின் சில நிமிடங்கள்தான். அந்த உச்சத்துக்கு முன்னே தெருப் பிரசங்கியின் குரலும் பேக்பைப் ஓசையும் நீண்ட காத்திருப்பும் இருக்கின்றன. இத்தடத்தை முழுதாகக் கேட்க வேண்டும்.