மடைமாறிய ஆறும் மக்கள்தொகையும்: இன்யோ கவுண்டி, 1863–2020

கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிறது இன்யோ கவுண்டி. பரப்பு ஏறத்தாழ 26,400 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்பவர்கள் 19,016 பேர். அதன் மேற்கு எல்லையில் 4,421 மீட்டர் உயரத்தில் விட்னி சிகரம் நிற்கிறது. கிழக்கே மரணப் பள்ளத்தாக்கின் பேட்வாட்டர் படுகை கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை.

சியரா நெவாடா மலைத்தொடர் மேகங்களை மறித்துக்கொள்வதால் இது மழைமறைவுப் பகுதி. மலைமேல் விழும் பனிதான் இங்கே தண்ணீர். அது உருகி ஓடைகளாக இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேரும். ஆறு கடலைத் தொடாமல் தெற்கே ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது. பிஷப், பிக் பைன், இண்டிபெண்டன்ஸ், லோன் பைன் என்று முக்கிய ஊர்களெல்லாம் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே வரிசையாக அமைந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸ் தண்ணீரை எடுத்துக்கொண்டது, பள்ளத்தாக்கு காலியாகிவிட்டது என்று இதன் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். கணக்கெடுப்பு எண்கள் அதற்கு ஒத்துவரவில்லை. தண்ணீரை இழந்த இன்யோ, ஒரு கட்டத்துக்குப் பின் வளர வழியின்றி நின்றுபோனது என்பதே அவை காட்டும் சித்திரம். அந்த எண்களுக்குள் அடங்காத இரண்டு மக்கள் கூட்டங்களும் உண்டு.

முதல் கூட்டம் பையூட் பழங்குடியினர். வெள்ளையர் வருமுன்பே இவர்கள் பாசனம் செய்தவர்கள். 1930களில் மானிடவியலாளர் ஜூலியன் ஸ்டூவர்ட் பதிவுசெய்தபடி, பிஷப் ஓடையில் ஆண்டுதோறும் வசந்தத்தில் கல், புதர், சேறு கொண்டு தடுப்பணை கட்டுவார்கள். நீர் பாய்ச்சும் பொறுப்புக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வடக்கே ஒரு நிலம், தெற்கே ஒரு நிலம். ஓராண்டு ஒன்றுக்குப் பாய்ச்சினால் மறு ஆண்டு மற்றதற்கு. விதைப்பதில்லை, தானாக விளையும் கிழங்குகளையும் புல்விதைகளையும் தண்ணீர்விட்டுப் பெருக்கினார்கள். அறுவடைக்காலத்தில் அணையைப் பிரித்துவிட்டு, வற்றும் வாய்க்காலில் மீன் அள்ளுவார்கள். முறைவைத்து நீர் பங்கிடும் இந்த ஏற்பாட்டை நீர்மேலாண்மை என்றல்லாமல் வேறெப்படி அழைப்பது?

1861இல் மாட்டு மந்தைகளோடு குடியேறிகள் வந்தார்கள். பையூட்டுகள் உணவுக்கு நம்பியிருந்த செடிகளை மந்தைகள் மேய்ந்தன, சண்டை மூண்டது. 1863 ஜூலையில் ராணுவம் ஏறக்குறைய ஆயிரம் பையூட்டுகளைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. பலர் பின்னர் திரும்பி வந்து, தங்கள் வாய்க்கால்கள் பாய்ந்த நிலத்திலேயே கூலிகளானார்கள். 1866இல் இன்யோ தனிக் கவுண்டியானது. 1870 கணக்கெடுப்பு காட்டும் 1,956 என்ற எண்ணை எடுத்தாளும்போது எச்சரிக்கை தேவை: வரி செலுத்தாத பழங்குடியினர் அன்றைய கணக்கில் பொதுவாகச் சேர்க்கப்படவில்லை.

செர்ரோ கோர்டோ வெள்ளிச் சுரங்கமும் அதன்பின் வேளாண்மையும் எண்ணிக்கையை உயர்த்தின. 1900இல் 4,377, 1910இல் 6,974. அதே பத்தாண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் 1,02,479இலிருந்து 3,19,198 ஆகப் பெருத்தது. அந்நகரின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் 1905 வாக்கில் ஆற்றோர நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கிச் சேர்த்தார். பொறியாளர் வில்லியம் முல்ஹாலந்து அமைத்த 233 மைல் கால்வாய் 1913 நவம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. வழியெல்லாம் நீர் தன் எடையாலேயே ஓடியது, பம்பு தேவைப்படவில்லை.

இதை எதிர்த்து 1924 மே மாதம் கால்வாயில் வெடி வைக்கப்பட்டது. நவம்பர் 16 அன்று உள்ளூர்க்காரர்கள் லோன் பைனுக்கு அருகில் அலபாமா மதகைக் கைப்பற்றித் திறந்துவிட, நகரத்துக்குப் போகவேண்டிய நீர் நான்கு நாள் பழைய ஆற்றுப்படுகையை நோக்கிப் பாய்ந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். எதிர்ப்பின் முதுகெலும்பை முறித்தது 1927 ஆகஸ்டில் வந்த வங்கி வீழ்ச்சி. போராட்டத் தலைவர்களான வாட்டர்சன் சகோதரர்கள்தான் பள்ளத்தாக்கின் வங்கிகளை நடத்தியவர்கள். கையாடல் வழக்கில் சிறை சென்றார்கள். மக்களின் சேமிப்பும் அதோடு போயிற்று. 1930களில் பள்ளத்தாக்கின் வேளாண் நிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு நகரத்தின் கையில் இருந்தது. ஓவன்ஸ் ஏரி 1920களிலேயே வறண்டிருந்தது. அதன் உப்புத் தூசி பிற்காலத்தில் அமெரிக்காவின் மிக மோசமான நுண்தூசி மாசுகளில் ஒன்றானது.

இவ்வளவுக்குப் பிறகும் 1920இல் 7,031 ஆக இருந்த மக்கள்தொகை 1930இல் 6,555 ஆனது. சரிவு 7 விழுக்காட்டுக்கும் குறைவு. உழவர்கள் போன இடத்தைச் சாலை, சுற்றுலா, நகர நீர்த்துறை வேலை, பின்னர் டங்ஸ்டன் சுரங்கம் ஆகியவை ஓரளவு நிரப்பின.

இரண்டாவது கூட்டத்தை எந்தப் பத்தாண்டுக் கணக்கெடுப்பிலும் காண முடியாது. மான்சனார், நகரம் விலைக்கு வாங்கியதால் கைவிடப்பட்ட ஆப்பிள் தோட்ட ஊர். 1942இல் அங்கே முள்வேலிக்குள் ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். உச்சத்தில் 10,000 பேருக்கு மேல். 1940இல் கவுண்டி முழுவதிலும் இருந்தவர்களோ 7,625 பேர்தான். முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டதால் 1940 அட்டவணையிலும் இல்லை, 1950 அட்டவணையிலும் இல்லை. இன்யோ வரலாற்றின் மிகப் பெரிய குடியிருப்பு இப்படிப் புள்ளிவிவரத்தில் தடமே இல்லாமல் போயிற்று.

1940க்குப் பின் இருமடங்குக்கு மேல் பெருகி 1980இல் 17,895ஐத் தொட்ட எண்ணிக்கை அதன்பின் நாற்பது ஆண்டுகளில் ஆயிரத்துச் சொச்சம்தான் கூடியது. காரணம் நிலவுடைமை. கவுண்டியின் பெரும்பகுதி மத்திய அரசுக்குச் சொந்தம். தனியாரிடம் இருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. சட்டப்படி நகராட்சியாக அமைந்த ஒரே ஊரான பிஷப்பைச் சுற்றிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நிலம். வீடு கட்ட மனை கிடைக்காத ஊரில் இளைஞர்கள் எங்கே தங்குவார்கள்? 1970இல் வந்த இரண்டாம் கால்வாய்க்காக நிலத்தடி நீரையும் உறிஞ்சியபோது ஊற்றுகள் வற்றின. 1972இல் கவுண்டி தொடுத்த வழக்கு, 1991 ஒப்பந்தத்தில் முடிந்தது. 2006 டிசம்பரில் கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 62 மைலுக்கு மீண்டும் நீர் விடப்பட்டது.

முதல் கணக்கில் பெரும்பாலும் விடுபட்ட பழங்குடியினர் இன்று மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். 1939 நிலப் பரிமாற்றத்தில் 2,914 ஏக்கரைக் கொடுத்து 1,391 ஏக்கரைப் பெற்றார்கள். நிலத்தோடு நீருரிமை மாற்றப்படவில்லை. அதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்பது அந்நகரின் சாசனம். அந்த வாக்கெடுப்பு இதுவரை நடக்கவில்லை.